கோடு அறுந்த மீன்

என்ன காரியமாக லண்டன் போகிறீர்கள் என்று விசா அலுவலகத்தில் கேட்டபோது, மேஜைவிரிப்பு வியாபாரம் என்று சொன்னேன். அது பொய்யில்லை. கரூரில் நாங்கள் நெய்து அனுப்பிய மேஜைவிரிப்பில் சாயம் மங்கிவிட்டது என்று லண்டன் வாடிக்கையாளர் ஒருவர் முகம் சுளித்திருந்தார். அவரை நேரில் பார்த்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் என் மனைவி சரசு என்னை அனுப்பிய காரியம் வேறு. லண்டனில் ஒரு மீன் உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். இதை அந்த விசா அம்மாளிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கும் நான் கரூரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் பிருந்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். பையன் பெயர் குமரேசன். சொந்த ஊர் கோபிப் பக்கம். லண்டனில் ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பொருந்தியது, பெண்ணுக்கும் பையனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. இதற்கிடையில் இரண்டு பேரும் மின்னஞ்சலில் எழுதிக்கொண்டார்கள். ஆனி மாதம் அவன் ஒரு படம் அனுப்பினான். இரண்டு கையிலும் ஏந்திய ஒரு மீன். பச்சை உடம்பு, குறுக்கே கறுப்புக் கோடுகள், சிவந்த துடுப்புகள். நானே பிடித்தது, ஒரு கிலோ எடை என்று எழுதியிருந்தான். மீன் சாப்பிடுகிற வீட்டுக்கு மீன் பிடிக்கிற மருமகன் என்று சரசுவுக்கு வாயெல்லாம் பல். ஆவணியில் இன்னொரு படம் வந்தது. வேறு சட்டை, வேறு நாள், வேறு மீன்.

வேறு மீன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான் வாயை மூடிக்கொண்டு சோற்றைத் தின்றிருக்கலாம். ஆனால் என் பிழைப்பே செக்கிங் டேபிளில் துணியை விரித்துப்போட்டுக் குற்றம் கண்டுபிடிப்பது. கண் சும்மா இருக்குமா? தலையிலிருந்து எண்ணினால் மூன்றாவது கோடு, நடுவில் அறுந்து, கீழ்ப்பாதி ஒரு விரற்கடை தள்ளிப்போய்த் தொங்கியது. நீளவாட்டுப் பாவு நூலில் இழை அறுந்ததை நெசவாளி அவசரத்தில் மாற்றி முடிந்துவிட்டால் துணியில் இப்படித்தான் விழும். முதல் படத்தை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் அதே மூன்றாவது கோடு, அதே இடத்தில் அறுந்திருந்தது. “ரெண்டும் ஒரே மீன்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ரசம் கேட்டேன். ரசம் வரவில்லை.

பிருந்தா எழுதிக் கேட்டதற்கு அவன் ஒளிக்காமல் பதில் போட்டான். ஆமாம், ஒரே மீன்தான், முதல் தடவை பிடித்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிட்டேன், இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதுவே மாட்டியது என்று. இதை மகள் வாசித்துக் காட்டியபோது வீடே சிரித்தது. பிடித்த மீனை யாராவது விடுவார்களா? எங்கள் பக்கத்து மாயனூர்க் காவிரியில் பிடிபட்ட மீன் மறுபடி தண்ணீரைப் பார்த்ததாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. மீனை ஆற்றில் பார்த்த கையோடு அது பொரியலா குழம்பா என்று முடிவு செய்கிறவர்கள் நாங்கள். சரசு நன்றாக யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள். கடையில் ஒரே ஒரு மீன் வாங்கியிருக்கிறான், ஒரு சட்டையில் படம் எடுத்திருக்கிறான், மீனை ஃப்ரீசரில் போட்டு வைத்திருக்கிறான், இரண்டு மாதம் கழித்து எடுத்துச் சட்டையை மாற்றிக்கொண்டு இன்னொரு படம் எடுத்திருக்கிறான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மீன் விஷயத்திலேயே பொய் சொல்கிறவன் நாளைக்கு எந்த விஷயத்தில் சொல்ல மாட்டான் என்று அவள் கேட்டாள். கிளம்பும்போது ஒரு நிபந்தனையும் போட்டாள். “அந்தப் பையனை வாய் தவறிக்கூட மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுடாதீங்க. அந்த வார்த்தையை நீங்க சொல்லிட்டா சம்மதம் சொன்னதுதான். தம்பின்னு கூப்பிடுங்க, போதும்.” பிருந்தா ரயிலடிவரை வந்தாள். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, ஆனாலும் நீங்கள் பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

ஹீத்ரோவில் குமரேசன் கம்பளிக் குல்லாயும் ஒல்லி உடம்புமாக நின்றுகொண்டிருந்தான். “வாங்க மாமா, நல்லா தூங்கினீங்களா?” என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். மாமா என்கிறான்! நான் ஜாக்கிரதையாக, “இருக்கட்டும் தம்பி, நானே எடுத்துக்கறேன்” என்றேன். ஆனால் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். பதினைந்து ஜோடி மேஜைவிரிப்பும் சரசு அரைத்துக் கொடுத்த மீன் குழம்புப் பொடியும் அதில் கனத்தன.

அவன் இருந்தது லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருடைய வீட்டு மாடி அறையில். வீட்டுக்காரரைத் தவம் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிற மனிதர். என்னை ஓட்டலுக்கு விட மாட்டேன் என்று குமரேசன் தன் அறையை எனக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் சோபாவில் படுத்துக்கொண்டான். ஐப்பசி மாதம். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் மஞ்சள் இலையாக உதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன, கூட்டுவதற்கு ஆளில்லை. எங்கள் தெருவாக இருந்தால் இந்நேரம் இது யார் வீட்டு இலை என்று சண்டை வந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் நான் செய்த முதல் வேலை, சத்தமில்லாமல் இறங்கிப்போய் சமையலறை ஃப்ரீசரைத் திறந்ததுதான். அடேயப்பா! உள்ளே மீனைத் தவிர வேறொன்றும் இல்லை. தாள் சுற்றிய மீன், பை போட்ட மீன், தலை தனியாக ஒரு டப்பா. ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துக் கோடு இருக்கிறதா என்று பார்த்தேன். விரல் மரத்துவிட்டது. பாதி மீன்கள் மேடையில் வரிசையாகக் கிடந்தபோது, ஷிப்ட் முடிந்து வந்த தவம் வாசற்படியில் நின்றார்.

“அண்ணைக்குக் காலமையே பசி வந்திட்டுதோ?” என்று கேட்டார்.

மானம் போயிற்று. உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் குல்லாயைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சிரித்தார். இதெல்லாம் அவர் வாங்கிய கடல் மீனாம், பாரையும் விளைமீனும். ஆற்று மீன் தங்களுக்கு ஒத்துவராது, சேற்று மணம் அடிக்கும் என்றார். அப்படியானால் குமரேசன் பிடித்து வரும் மீன்? “தம்பி வந்த நாள் தொட்டுச் சனிக்கிழமையெண்டால் தூண்டிலோடை போறார். ஒரு செதிள்கூட இந்த வீட்டுக்கு வரேல்லை, அண்ணை. நான் கேக்கிறதும் இல்லை. குடிக்கிறார் இல்லை, சத்தம் போடுறார் இல்லை. மீனைப் பற்றி எனக்கென்ன?” என்றார். நல்ல சாட்சிதான். ஆனால் எந்தப் பக்கத்துச் சாட்சி என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மீன்கூட வீட்டுக்கு வரவில்லை என்றால், ஒன்று விட்டிருக்க வேண்டும், அல்லது பிடிக்கவே இல்லை.

அன்று பகலில் வாடிக்கையாளரைப் பார்த்தேன். சாயம் மங்கிய மேஜைவிரிப்பை அவர் மனைவி வெந்நீரில் துவைத்திருக்கிறாள் என்று பேச்சுக்கு நடுவில் தெரிந்தது. அவர் காது சிவந்துபோய் என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனார். மீனும் உருளைக்கிழங்கும். தட்டில் முள் இல்லை, தலை இல்லை, தோல் இல்லை, உள்ளே இருப்பது மீன்தான் என்பதற்கு அவர் வாய்மொழி ஒன்றுதான் ஆதாரம். மேலே வினிகரை ஊற்றிக்கொண்டார். ஒரு கரண்டி மிளகாய்த்தூள் கிடைத்திருந்தால் அந்த மீனுக்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கும். ஆனாலும் சுத்தமாகத் தின்று முடித்தேன். மீன் என்று பெயர் சொன்னால் நான் மிச்சம் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் மீன் தலை எனக்கு என்பது சட்டம். அம்மை போட்டிருந்தபோது மீன் ஆகாது என்று சரசு தனியாகப் படுக்க வைத்தும், பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பிக் குழம்பு வாங்கித் தின்றவன் நான். இதைச் சொல்லி என் மாமனார் வீட்டில் இன்றும் சிரிப்பார்கள்.

திரும்பும்போது லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் காலியாக நின்ற ரயிலைப் பார்த்ததும் ஆசையாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். அது வேக ரயில். செவன் கிங்ஸ் என்ற பலகை கண்ணெதிரே வந்தது, போனது. நான் எழுந்து கதவைத் தட்டியதைப் பார்த்து எதிரில் இருந்த சர்தார்ஜி, உட்காருங்கள், கதவு நீங்கள் சொன்னால் திறக்காது என்றார். ரோம்ஃபோர்டில் இறக்கிவிட்டு, எதிர்ப் பக்கத்தில் மெதுவாக வரும் வண்டியில் ஏறச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் குமரேசன் என் பெயரில் ஒரு சீட்டோடு நிற்கிறான். தபாலாபீசில் வாங்கிய மீன்பிடி லைசென்ஸ்! எட்டு நாளைக்கு மட்டும் செல்லுமாம். காரோட்டுவதற்குக்கூட எனக்கு லைசென்ஸ் வாங்க மாதக்கணக்காயிற்று. இங்கே மண்புழுவைக்கூடத் தொடாமல் மீன்காரனாகிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மாடியில் முன் சீட்டுப் பிடித்து, வடக்கே போய் இறங்கி, ஒரு கால்பந்து மைதானத்தைத் தாண்டி நடந்தோம். ரோடிங் ஆறு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். பார்த்தால் எங்கள் ஊர் வாய்க்கால் அளவுகூட இல்லை. பசுமாடு ஒன்று குறுக்கே நின்றால் ஆறு நின்றுவிடும். மேலே மோட்டார்வே இரைகிறது, கீழே தண்ணீர் வளைந்து வளைந்து போகிறது. இரண்டு கரையிலும் வில்லோ மரங்கள் கிளையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நின்றன. இதில் ஒரு கிலோ மீனா என்று நினைத்தேன்.

குமரேசன் புழு எடுக்கவில்லை. ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பித்தளைத் தகடு, ரப்பர் வால், சிவப்புக் குஞ்சம் எல்லாம் வைத்த பொய் மீன்கள். அமெரிக்காவில் ஒரு புராஜெக்ட்டுக்குப் போயிருந்தபோது காட்டு ஓடையில் பாஸ் என்ற மீனை இப்படிப் பிடிக்கப் பழகினானாம். இங்கே அந்தப் பாஸ் கிடையாது. அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி பெர்ச் என்று ஒன்று உண்டு, அதுவும் கோடு போட்டது, அதுவும் பொய் மீனைத் துரத்திக் கடிக்கிற கோபக்காரன் என்றான். தகட்டு மீனை எறிந்து ரீலைச் சுற்றினால் அது தண்ணீருக்குள் மினுங்கிக்கொண்டு வருகிறது. மீனுக்குத் தின்ன ஒன்றுமில்லை, ஏமாற்று வேலைதான். பொய்யாலேயே மீன் பிடிக்கிறானே, இவனை எப்படி நம்புவது என்று எனக்குள் சரசு கேட்டாள்.

என் முதல் எறி என் கோட்டு முதுகிலேயே மாட்டியது. இரண்டாவது வில்லோவில். மூன்றாவது தண்ணீரில் விழுந்தது, இரண்டு பேரும் கைதட்டினோம். மத்தியானத்துக்குள் குமரேசன் விரல் நீளத்தில் இரண்டு குட்டிப் பெர்ச் பிடித்தான். கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, சின்ன இடுக்கியால் கொக்கியைக் கழற்றி, போ என்று விட்டுவிட்டான். சரி, குட்டி மீன், யாரும் விடுவார்கள் என்று நான் மனதுக்குள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கொஞ்சம் கீழே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் தூண்டில் வளைந்தது. மேலே வந்தது முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், எங்கள் கெண்டைக்கு அண்ணன் மாதிரி. கொழுத்த மீன். நடுத்துண்டு மட்டும் எட்டுப் பேருக்கு வரும். அவர் அதன் முகத்தைப் பார்த்து, “அடுத்த வாரம் பார்க்கலாம், கிழவா” என்று சொல்லித் தண்ணீரில் இறக்கிவிட்டார். நான் ஐயோ என்று வாய்விட்டே கத்திவிட்டேன். அவர் எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து எழுந்துவிட்டார். குமரேசன் சமாதானம் சொன்னான். இங்கே எல்லோரும் இப்படித்தான், சின்ன ஆறு, பெரிய மீனைத் தின்றுவிட்டால் அடுத்த ஆளுக்கு மீன் இல்லை, அதனால் விட்டுவிடுவது வழக்கம் என்றான். அப்போதுதான் என் சந்தேகம் முதன்முதலாக ஆட்டம் கண்டது. இவன் சொன்னது நடக்கக்கூடிய காரியம்தானோ?

ஆனால் நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு. சாயங்காலம்வரை அந்தக் கோடு அறுந்த மீன் வரவில்லை. தவம் வீட்டுப் போனிலிருந்து டெலிபோன் கார்டு போட்டுச் சரசுவைக் கூப்பிட்டேன். வெள்ளைக்காரர் மீனை விட்டதைச் சொன்னேன். வெள்ளைக்காரன் ஆயிரம் செய்வான், நம்ம பையன் செய்தானா என்றாள். அதோடு விடவில்லை. திங்கட்கிழமை நான் விமானம் ஏறும்போது மீனைப் பார்த்திருந்தால் பார்த்ததாகச் சொல்ல வேண்டும், படம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கோபிக்கு ஆள் அனுப்பிப் பேச்சை முறித்துக்கொள்ளலாம், ஒரு பொய்யோடு ஆரம்பிக்க வேண்டாம் என்றாள். பின்னால் பிருந்தாவின் குரல் கேட்கிறதா என்று கவனித்தேன். கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் குமரேசன் இரண்டு டம்ளர் காப்பியோடு நின்றான். “மீனைப் பாக்கத்தான் வந்தீங்கன்னு எனக்குத் தெரியுங்க மாமா” என்றான். எனக்கு எங்கே ஒளிவதென்று தெரியவில்லை. கோபமா என்று கேட்டேன். முதலில் இருந்தது, பிறகு எங்கள் அம்மாவிடம் இந்த மீன் கதையைச் சொல்லிப் பார்த்தேன், அவர்களும் நம்பவில்லை என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவன் காப்பியைக் குடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறல். கிளம்பும்போது நான் தவத்திடம் நம்பிக்கையாகச் சொன்னேன், தேங்காய் அரைத்து வையுங்கள், பொடி என்னிடம் இருக்கிறது என்று. சட்டைப்பையில் டிஜிட்டல் கேமராவும் கோட்டுப் பையில் கரூர் ஜவுளிக்கடை மஞ்சள் பையும் இருந்தன. எது எதற்கு என்று விளக்கவேண்டியதில்லை.

பத்துமணிவாக்கில் குமரேசனின் தகட்டு மீன் வில்லோவில் மாட்டிக்கொண்டது. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு தூண்டிலை எறிந்து என் கையில் கொடுத்துவிட்டு மரத்தில் தொற்றினான். நான் ரீலைச் சுற்றிக்கொண்டே கரூர் மெஸ்ஸில் கிடைக்கிற விரால் வறுவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று தூண்டில் கையைவிட்டுப் போகப் பார்த்தது. ரீல் கிறீச்சென்று கத்தியது. நானும் கத்தினேன். “இழுக்காதீங்க மாமா, விடுங்க, இப்ப சுத்துங்க, விடுங்க” என்று அவன் மரத்திலிருந்தே கத்தினான். எது விடுவது, எது சுற்றுவது? நான் இரண்டையும் செய்தேன். அவன் குதித்து, இடுப்பளவு தண்ணீரில் ஷூவோடு இறங்கி, வலையைக் கீழே கொடுத்து ஏந்தினான்.

வலைக்குள் பச்சையும் கறுப்புமாக அது புரண்டது. முதுகு முள்ளை விசிறி மாதிரி விரித்தது. நான் தலையிலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது கோடு நடுவில் அறுந்து, கீழ்ப்பாதி ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. என் கண் துணியில் ஏமாந்ததில்லை, இதிலும் ஏமாறவில்லை. அதே மீன்தான். உயிரோடு, துள்ளத் துடிக்க, வாயைத் திறந்து என்னைப் பார்க்கிறது. எனக்குப் பிருந்தாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது, பொய்யில்லை. படம் எடுக்க வேண்டும் என்று அவசரமாகக் குனிந்தேன். கேமரா சட்டைப்பையிலிருந்து நழுவி, அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றில் விழுந்தது.

துழாவி எடுத்தோம். அதற்குள்ளிருந்து ரோடிங் ஆறு சொட்டியது. குமரேசனின் போனில் கேமரா இல்லை, பேங்கில் கேமரா போனுக்கு அனுமதி கிடையாது. என் போன் கரூரில் வாங்கியது, பேச மட்டும்தான் தெரியும். நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மாளிடம் கேமரா இருக்கிறதா என்று கேட்டோம். பிஸ்கட் இருக்கிறது என்றார், அதுவும் நாய்க்கு. மீனைப் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மஞ்சள் பையை எடுத்தேன். வேறு வழியில்லை, தவத்திடம் கேமரா இருக்கிறது, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படம் எடுத்துவிடலாம் என்றேன். மனதுக்குள் தேங்காயும் அரைபட்டுக்கொண்டிருந்தது, அதையும் மறைக்கவில்லை. குமரேசன் வலையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றான். உதடு குளிரில் நீலமாகிவிட்டிருந்தது.

“விட்டுருங்க மாமா” என்றான். “வீட்டுக்குப் போறதுக்குள்ள செத்துரும். படம் இல்லீன்னா போகுதுங்க. நான் லீவு போட்டு ஊருக்கு வந்து அத்தைகிட்ட நேர்ல சொல்லிக்கறேன். நம்பலைன்னா அப்புறம் என் விதிங்க. இதுக்கு மூச்சு வாங்குது பாருங்க.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கல்யாணமே இந்த மீனில் தொங்குகிறது, இவன் மீனுக்கு மூச்சு வாங்குகிறது என்கிறானே என்று. பிறகு அவன் கையைப் பார்த்தேன். வலைக்குள் கையை விட்டு, மீனின் கன்னத்தை நசுக்காமல், முள்ளைத் தாழ்த்தி, அதற்கு வலிக்கக்கூடாது என்று பிடித்திருந்தான். யாரும் பார்க்காத இந்த வாய்க்காலில், தனக்கு இவ்வளவு நஷ்டம் வரும்போதும், தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகாத ஒன்றை இப்படிப் பிடிக்கிறவன், என் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான்? அந்த நிமிஷம் எனக்கு அவன்மேல் பாசம் வந்துவிட்டது. எனக்கு வேறு படம் வேண்டியிருக்கவில்லை.

அவன் கொக்கியைக் கழற்றியதும், கையை நனைத்துக்கொண்டு நானே மீனை வாங்கினேன். குளிர்ந்த, கனமான, உயிருள்ள மீன். இதுவரை என் கைக்கு வந்த எந்த மீனும் திரும்பிப் போனதில்லை. நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துப் பிடிக்கச் சொன்னான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. செவுள் திறந்து மூடியது. பிறகு வாலால் என் மணிக்கட்டில் ஓர் அறை கொடுத்துவிட்டு வில்லோவுக்கு அடியில் போய்விட்டது. நான் முழங்காலில் சேற்றில் புதைந்து உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

“மாப்பிள்ளை, கையைக் குடுங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவனும் கேட்டான். கேட்காதமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையைக் கொடுத்தான். ஆனால் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டில் தவம் அரைத்த தேங்காயோடு காத்திருந்தார். “மீன் எங்கை அண்ணை?” என்றார். விட்டாச்சு என்றேன். “நீங்களுமோ?” என்று கேட்டுவிட்டு அந்தத் தேங்காயைப் பார்த்தார். பிறகு ஃப்ரீசரிலிருந்து ஒரு பாரையை எடுத்து வெளியே வைத்தார்.

சரசுவுக்குப் போன் போட்டேன். பெருமையோடு ஆரம்பித்தேன். மீனைப் பார்த்தேன், அதே மீன், மூன்றாவது கோடு, நானே பிடித்தேன் என்றேன்.

“படம் எடுத்தீங்களா?”

கேமரா ஆற்றில் விழுந்ததைச் சொன்னேன்.

“அப்ப மீனு?”

“விட்டுட்டேன்.”

லண்டனிலிருந்து கரூர் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. கார்டில் காசு தீர்ந்துவிட்டதோ என்று காதை மாற்றிப் பார்த்தேன். சரசு மெதுவாகக் கேட்டாள், அந்தப் பையன் உங்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தான் என்று. ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். மாப்பிள்ளை சமையலறையில் முதுகைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரே வெங்காயத்தை வெகுநேரமாக உரித்தார்.

அப்போது போனைப் பிருந்தா வாங்கிவிட்டாள். “அப்பா, நெசமாவே விட்டீங்களா? நீங்களா? ஒரு கிலோ மீனை?”

“ஆமா கண்ணு.”

“பொடி கையில இருக்கறப்பவா?”

“தேங்காகூட அரைச்சாச்சு.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “அம்மா, அப்பா பொய் சொல்றதா இருந்தா விட்டேன்னா சொல்லுவாரு? தின்னுட்டேன்னுதான் சொல்லுவாரு.”

சரசு யோசித்தாள். அவளுக்கு என்னைத் தெரியாதா? அம்மை போட்ட கதையிலிருந்து போன தீபாவளிவரை எல்லாம் அவள் மனதில் ஓடியிருக்க வேண்டும். போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம்.

“அது சரிதான்” என்றாள் சரசு. “உங்களை மீனை விட வச்சிருக்காருன்னா சாதாரண ஆளு இல்லை. போனை மாப்பிள்ளைகிட்டக் குடுங்க.”

நான் ரிசீவரை நீட்டினேன். அவர் வெங்காயத்தை வைத்துவிட்டு, கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார்.